வந்த நோக்கம்

பதிவேட்டில் ஆறு கட்டம்.
பெயர், ஊர், ஆதார் எண்,
வந்த நேரம், போகும் நேரம்,
கடைசியில் கொஞ்சம் அகலமாய்
வந்த நோக்கம்.
அம்பாசமுத்திரம் அச்சகத்தில் அப்படித்தான் அடித்துத் தந்தார்கள்.
மூணு ரூமுக்கு இது வேறயா என்று
அருமைநாயகம் சிரித்தார்.

எல்லாரும் சுற்றுலா என்றுதான் எழுதுகிறார்கள்.
சுற்றுலா வந்தவர்கள்
அருவிப் பக்கமே போகாமல் இரண்டு நாள்
மின்விசிறியைப் பார்த்துக் கிடக்கிறார்கள்.
நான் கேட்பதில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
ஆயிரத்து நானூறு, காலைப் பலகாரத்தோடு.

தலையணை உறை சொல்லிவிடும்.
கண்மை கரைந்த உறை சோப்புக்கு மசியாது,
எலுமிச்சை தேய்த்து மொட்டை வெயிலில் போடவேண்டும்.

ஒருமுறை ஒரு தாயும் மகளும்,
காரில் வந்து இறங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.
எனக்குக் கைவலி என்று சொல்லி
முருங்கைக்கீரையை அவர்கள் நடுவில் வைத்தேன்.
ஒரு முறம் கீரை.
கையில் வலி ஒன்றும் இல்லை.

மந்திரமூர்த்தி வந்தது ஒன்றாம் தேதி,
தோளில் ஒரே ஒரு துணிப்பை.
ஊர் முக்கூடல்.
அவ்வளவு கிட்டத்திலிருந்து ஒருவர்,
அதுவும் தனியாக,
தங்க வந்தால்
எங்கள் தொழிலில் முதலில் நினைவுக்கு வருவது
உத்திரத்துக் கொக்கி.
அருமைநாயகம் எனக்குக் கண் காட்டினார்.
தாழ்ப்பாள் விழாத கீழறையைக் கொடுத்தேன்.

பேனாவை வெகுநேரம் பிடித்திருந்து
கடைசிக் கட்டத்தில் எழுதினார்:
இறங்க.

ராத்திரி சொதியும் இஞ்சித் துவையலும்.
மூன்றாம் தடவை சோறு வாங்கும்போது சொன்னார்:
'இருபத்தாறு வருசமா இந்த வாசல் வழியாத்தாம்மா
பாபநாசம் மொத வண்டிய ஓட்டுனேன்.
அஞ்சு நாப்பதுக்கு ஒங்க வீட்ல லைட் எரியும்.
நீங்க கோலம் போட்டுக்கிட்டு இருப்பீய.'
'நாங்க வேதக்காரங்க, கோலம் போடமாட்டோம்.'
'அப்ப வாசத் தெளிச்சிருப்பீய.
கையத் தூக்குவீய. எனக்கு நிறுத்தணும்போல இருக்கும்.'
நான் முடியை ஒதுக்கியிருப்பேன்.
சொல்லவில்லை.
'இங்க ஸ்டாப் கெடையாதுல்லா?
நேத்தோட ரிட்டையர் ஆயிட்டேன்.
ஒரு நாளாச்சும் எறங்கிப் பாக்கணும்.'

அன்றைக்கு நான் தூங்கவில்லை.
இரண்டு மணிக்கு ஒருதரம், நாலுக்கு ஒருதரம்
தண்ணீர் எடுக்கிற சாக்கில் கீழறைப் பக்கம் போனேன்.
கன்னடியன் கால்வாயில் தண்ணீர் போகும் சத்தம்,
பல்லி,
அப்புறம் அவர் இருமல்.

ஐந்தரைக்கு
குளித்துத் தலைவாரி
கேட்டுக்கு வெளியே நின்றார்.
தெளிப்பதை விட்டு நானும் வாளியோடு நின்றேன்.
கரையான் புளியமரத்து வளைவில் விளக்கு தெரிந்தது.
கையைத் தூக்கினார்.
நின்றது.
ஸ்டாப் இல்லாத இடத்தில் அரசுப் பேருந்து நின்றது.

புது டிரைவர், சின்னப் பையன்,
'அண்ணாச்சி, ஏறுதியளா?'
'இல்லடே. பெரிய மதகுகிட்ட பையப் போ.
செவல நாய் ஒண்ணு ரோட்டுல படுத்துக் கெடக்கும்,
ஆரன் அடிச்சா எந்திரிக்காது,
நின்னாத்தான் எந்திரிக்கும்.'

சிவப்பு விளக்கு மறையும்வரை பார்த்தார்.
பிறகு மிளகாய்ப்பொடி தொட்டு ஒன்பது இட்லி.
பிறகு படுத்தவர்
பதினோரு மணிக்குக் காலிசெய்ய வேண்டிய அறையில்
மூன்றரை வரை தூங்கினார்.
மாடிக் குழந்தைகளைக் கால்வாய்க்கு விரட்டினேன்.
மிக்ஸியைக் கூடப் போடாமல்
அம்மியில் அரைத்ததில்
இப்போது நிஜமாகவே கைவலி.

போகும்போது அதிகப்படி நேரத்துக்குப் பணம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன், நூறு ரூபாய்.
வாங்காவிட்டால் திரும்ப வரமாட்டார்.
வெள்ளாங்குளி ஸ்டாப் வரைக்கும் நடந்தே போனார்.

தலையணை உறையில் திருநீறு மட்டும்.
உதறினால் போய்விட்டது.

அருமைநாயகம் கீழறைத் தாழ்ப்பாளுக்குத்
திருப்புளியோடு வந்தார்.
கிடக்கட்டும் என்றேன்.
சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து ஒருத்தர் வருகிறார்,
தனியாக.
சுற்றுலாவாம்.