செவ்வாயும் வெள்ளியும்

யூனியன் பிளேஸ், பதினோராம் மாடி.
காதில் ஹெட்செட், மடியில் ஆறிப்போன மாலுபாண்.
"தார்ன்பி கிராம சபை, டெய்சி கதைக்கிறேன்."
என் பெயர் தயாளினி.
அந்த ஊரை நான் கண்டதில்லை.
ஆனாலும் கேளுங்கள், சொல்வேன்:

கடை ஒன்று. ஞாயிறு அரைநாள்.
தபால் கந்தோர் அதே கடைக்குள்,
பூனைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில்.
மண்டபத் திறப்பு பிரிட்சர்ட் அம்மாவிடம்,
அவ இல்லாவிட்டால் பூச்சாடிக்கு அடியில்.
அதை வெளியில் சொல்லக் கூடாது;
எல்லாருக்கும் தெரியும்.
கேத்தல் ஒழுகும்.
சிவப்பு டெலிபோன் கூண்டில் இப்போது டெலிபோன் இல்லை,
நின்ற இதயத்தை உதைத்து எழுப்பும் பெட்டி இருக்கிறது.
பூட்டு இலக்கம் எனக்குப் பாடம்.

ஜிந்துப்பிட்டியில் எங்கள் தோட்டத்தில்
நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஐந்து கக்கூஸ்.
சனசமூக மண்டபத் திறப்பு யாரிடம் என்று
மூன்று தேர்தலாக விசாரிக்கிறோம்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரும் விழுந்தால்
எல்லாம் திரீவீல் நிஸ்தாரின் தூக்கத்தைப் பொறுத்தது.

தார்ன்பிக்குப் பஸ்ஸும் உண்டு, கிழமைக்கு இரண்டு நாள்.
செவ்வாய்தோறும் ஹெப்பிள் எடுப்பார்:
"டெய்சி, இன்றைக்கு வருமா?"
வரும். எப்போதும் வரும். என்றாலும் கேட்பார்.
டவுனில் அவருக்குக் கால் நகம் வெட்ட ஒரு கிளினிக்,
பிறகு ஒரு சூப்.

அங்கே மணிக்கூட்டைப் பின்னால் தள்ளிய கிழமை
ஈமெயில் வந்தது: பயணிகள் போதாது,
சேவை நிறுத்தம்.
கீழே நான் வாசிக்க வேண்டிய வசனம்:
சிரமத்துக்கு வருந்துகிறோம்.

நாலு மணிக்கு எடுத்தார். வாசித்தேன்.
அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாற்காலி இழுபட்டது.
"அப்ப நீ எப்படிப் போவாய், பிள்ளை?"
என்றார்.

நானா?

திரையில் அதற்கு வசனம் இல்லை.
"நடந்துதான்" என்றேன்.
"சப்பாத்தை இறுக்கிக் கட்டு,
தேவாலயத்துக்குப் பின்னால் சேறு" என்றார்.

இரவு பத்தரைக்கு வேலை விட்டு
ஹோல்ட்டில் நின்றேன், செருப்போடு.
பஸ் வந்தது.
பொய் சொன்னவளுக்கு யன்னலோரம் இடமும் கிடைத்தது.
மருதானையில் ஏறிய ஒருத்தி
கொட்டாஞ்சேனை போகுமா என்று கேட்க
டெய்சியின் குரலில் பதில் சொல்லிவிட்டு
வெட்கப்பட்டேன்.

இன்று செவ்வாய்.
நாலு மணிக்கு எனக்குத் தேத்தண்ணி இடைவேளை.
சுப்பவைசர் இரண்டு தரம் பார்த்துவிட்டார்.
நான் இன்னும் எழும்பவில்லை.