அடைத்த குழல்

சிம்மக்கல் பின்தெருவில் பல் செட் செய்யும் லேப்.
கடைசித் தாடைக்கு மெருகேற்றி முடித்ததும்
கீழ் டிராயரைத் திறக்கிறேன்.

பதினொன்று இருக்கின்றன.
ஒன்றும் சுடாது.
வார்க்கும்போதே குழலுக்குள் ஓர் எஃகுத் துண்டை
வைத்து அடைத்துவிட்டார்கள் ஜப்பானில்.

இது பன்னிரண்டாவது.
கீழவாசல் பழைய இரும்புக்காரர்
தையல் மெஷின் சக்கரத்தோடு சேர்த்து
எடை போட்டுக் கொடுத்தது.
துத்தநாகம் பூத்திருக்கிறது, வெற்றிலைச் சுண்ணாம்புபோல.
பிடியின் இடப்பக்கம் இல்லை.
உள்ளே ஸ்பிரிங், பால்பாயின்ட் பேனாவினுடையது:
எனக்கு முன்பும் யாரோ
முயன்றிருக்கிறார்கள்.

பல் தேய்க்கிற பிரஷ், மண்ணெண்ணெய்,
செட்டுக்கு ஊற்றுகிற அதே அக்ரிலிக்.
கறுப்புச் சாயம் தீர்ந்துபோனதால்
பாதிப் பிடி ரோஜா நிறம்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
இருளாண்டி ஏட்டு வந்தார்.
"துப்பாக்கி வச்சிருக்கீகளாமே?"

செய்தித்தாளில் பரப்பினேன்.
ஒவ்வொன்றின் வாயிலும் டார்ச் அடித்து
நாக்கைத் துருத்திக்கொண்டு பார்த்தார்.
புதியதை எடுத்து விசையை அழுத்தினார்.
டிக்.
இன்னொரு தடவை.
பிறகு யாருமில்லாத வாசலைக் குறிபார்த்து
மூன்றாம் தடவை.

"இருபத்தாறு வருசம் சர்வீஸு.
மனுசனப் பாத்து நீட்டுனதில்ல."

நோட்டில் எழுதினார்: பொம்மை, பதினொன்று.
பன்னிரண்டு, என்றேன்.
கையிலிருந்ததை அவர் எண்ணவில்லை.

திருத்திவிட்டு, கீழே வைக்க மனமில்லாமல்
ரோஜா நிறத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
"ஈறா?" என்றார்.