ஒன்பது

எட்டு மைலுக்கு ஒரு நிறுத்தம்,
நிறுத்தத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து.
வரிசைப்படி பேர் வைத்துக்கொண்டே வந்தது ரயில் கம்பெனி.
எங்களுக்கு விழுந்தது க்யூ.
க்யூவில் என்ன பேர் இருக்கிறது?
இருட்டுவதற்குள் வேலையை முடிக்க நினைத்த எவனோ
க்வென்லி என்று எழுதிவிட்டுப் போனான்.
அது ஆளின் பேரா, ஊரின் பேரா,
யாருக்கும் தெரியாது.

நான் டாக்னி ஸ்க்யெர்வன்,
க்வென்லி ஊராட்சி எழுத்தர், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.
இரும்புப் பெட்டியில் பதினாறு பதிவேடுகள் இருக்கின்றன.
முதல் ஏட்டின் முதல் வரி:
1909, மக்கள்தொகை பூஜ்யம்.

அது பொய்.
வடக்கே நாணல் குளத்துக்கு மேலே, உழாத மேட்டில்,
புல்லுக்குள் வட்டம் வட்டமாய்க் கற்கள்.
கிரீ மக்கள் கூடாரத்தோலின் விளிம்பில்
காற்றுக்குப் பாரம் வைத்தவை.
பதினான்கு வட்டம் எண்ணியிருக்கிறேன்.
பூஜ்யத்தைச் சுழித்தபோது
அவன் பேனாவும் ஒரு வட்டம்தான் போட்டது.

அப்புறம் ஏறுமுகம்.
தேவாலயம் இரண்டு, தானியக் கோபுரம் மூன்று,
ஸ்க்யெர்வன்கள், போஹாச்சிக்குகள்,
ஒரே குளிர்காலத்தில் நான்கு இரட்டைப் பிரசவம்.
1926இல் இருநூற்றுப் பதினான்கு.
உணவகம் நடத்திய லியோங் க்விங்கைச் சேர்த்தால்
இருநூற்றுப் பதினைந்து.
அவர் பேர் ஓரத்தில், பென்சிலில்.
அவரிடம் கடன் வைத்தவர்கள் பட்டியல்
மையில், இரண்டு பக்கத்துக்கு.

முப்பத்தேழில் விளைந்தது மண் மட்டும்.
அதுவும் எழுந்து பக்கத்து மாகாணத்துக்குப் போயிற்று.
வங்கி போயிற்று.
பள்ளிக்கூடம் ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் போயிற்று.
தண்டவாளத்தைப் பெயர்க்க வந்த பையன்கள்
நல்லவர்கள், காப்பிக்குக் காசு கொடுத்தார்கள்.

ஹாக்கி அரங்கின் கூரை பனிச்சுமையில் இறங்கிய வருஷம்
ஸ்கோர் பலகையின் எண் தகடுகளை மட்டும் மீட்டோம்.
நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையில் இப்போது அவைதான் தொங்குகின்றன.
வர்ணம் மிச்சம்.
ஆறாம் எண்ணைக் காணோம்.
"ஒன்பதைத் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம், டாக்னி,
கொஞ்சம் பொறு" என்றார் லெஸ்டர் போஹாச்சிக்.

லெஸ்டர் இப்போது எழுபது மைல் தள்ளி
முதியோர் இல்லத்தில்.
அவர் கடிதங்கள் இன்னும் இங்கேதான் வருகின்றன.
கணக்கெடுக்க வந்த பெண்
அவரை அடிக்கச் சொன்னாள்.
நான் அவளுக்கு இன்னொரு துண்டு பை கொடுத்தேன்.
ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
மேல் ஆணி கழன்று, தகடு கீழ் ஆணியில் சுழன்று,
க்வென்லியில் ஆறு பேர் ஆகிவிட்டோம்.
பால் லாரிக்காரன் தொலைபேசியில் கேட்டான்:
"யார் அந்த மூணு பேர்?"

வாய்விட்டுச் சிரித்தேன்.
ஃபோனை வைத்த பிறகு
சமையலறை ஜன்னலில் நின்று புகைபோக்கிகளை எண்ணினேன்.
சிரித்துக்கொண்டே எண்ணவில்லை.
நான்கில் புகை.
மக்திபாய் வீட்டில் இல்லை.

பன்றிப் பண்ணையில் வேலைக்கு வந்தவர்கள்,
நாலாயிரம் டாலருக்கு வீடு வாங்கியவர்கள்,
அவளுக்கு ஏழாம் மாதம்.
மைனஸ் முப்பத்தொன்றில், இரவு உடைமேல் கோட்டோடு
தெருவைக் கடந்து கதவைத் தட்டினேன்.
ரொசெந்தோ திறந்தான். உள்ளே பூண்டு வதங்கும் வாசம்.
அடுப்பு மின்சார அடுப்பு.
போன கோடையில் மாற்றியதை
அனுமதி ரசீதில் நானேதான் கையெழுத்திட்டிருந்தேன்.

சுத்தியல் கேட்க வந்ததாகச் சொன்னேன்.

பலகையடியில் அவனே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
ஒன்பதை நிமிர்த்தினேன்.
இடது பக்கத்தில் பழைய ஆணி ஒன்று
துருவோடு துருத்திக்கொண்டிருந்தது, எதுவும் மாட்டாமல்.
பிடுங்கிவிடவா என்று சைகையில் கேட்டான்.
காற்றில் காது கேட்காததுபோல்
இறங்கிவிட்டேன்.