குறையாத போத்தல்

காலை ஆறரைக்குக் கட்டில் கட்டிலாய்ப் போய்
கைத்தொற்று நீக்கிப் போத்தல்களைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வேலை.
குறைந்திருந்தால் நிம்மதி.
நிறைந்திருந்தால்
அங்கே யாரோ யாரையோ
சும்மா தொட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் கட்டிலில்
மூன்று நாளாய் நிறைகுடம்.

ஆய்வுகூடத்திலிருந்து றிஸ்மியா கூப்பிட்டாள்.
தட்டில் கிருமியை விதைத்து
மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை
வட்டமாய் வைத்திருந்தாள்.
மருந்து வென்றால்
பொட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும்,
மழைக்கு முந்தின இரவில்
நிலா கோட்டை கட்டுமே, அப்படி.
ஆறு பொட்டு.
ஒன்றுக்கும் கோட்டையில்லை.
ஒவ்வொரு பொட்டின் விளிம்பிலும்
வேலியில் கைபோட்டுக் கதைக்க வந்த
அயலவனைப் போல நின்றது கிருமி.
"மிச்ச மருந்து கொழும்பில இருந்து வரவேணும்" என்றாள்.
வருமா என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டில் கிடப்பவர்
சம்மாந்துறை உதுமாலெப்பை.
சூடடிக்கிற மெசின் கிழித்த குதிக்கால்,
பத்து வருசச் சீனி வருத்தம்.
கடையில் வாங்கிய குளிசையில் மூன்றைப் போட்டு
நோவு விட்டதும் நிறுத்தி
மிச்சத்தை மருமகனின் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்.

பின்னேரம் கதவு திறந்தால் ஊரே வரும்.
தன் ஆளைப் பார்க்க வந்தவர்
பக்கத்துக் கட்டிலுக்கும் போவார்,
நெற்றியில் கை வைப்பார்,
விலகிய போர்வையை இழுத்துவிடுவார்.
கல்முனையில் சுகம் விசாரிப்பது
உள்ளங்கையால்தான்.
கிருமிக்குக் கால் இல்லை.
எங்கள் அன்பில் ஏறித்தான்
அது கட்டில் மாறுகிறது.
இதை எப்படிச் சொல்வது,
பதினெட்டு மைல் பஸ்ஸில்
கஞ்சிப் போத்தலோடு வந்தவளிடம்?

கடைசி அறைக்கு அவரை மாற்றி
கதவில் மஞ்சள் அட்டை ஒட்டினேன்.
மகன் நௌசாத் வழி மறித்தான்.
"எங்கட ஆளெண்டா ஒதுக்கி வைக்கிறயா, மிஸ்?"
அந்தக் கேள்வி இந்த ஊரில்
என் வயதைவிட மூத்தது.
பதிலுக்கு என்னிடம் ஒரு சுற்றறிக்கை இருந்தது.
நல்லவேளை, அதை எடுப்பதற்குள்
உள்ளிருந்து குரல் வந்தது.

"டேய், இது அறக்கொட்டியான் கணக்குடா.
அரை மருந்தடிச்ச வயல்ல தப்பினது
அடுத்த போகம் எதுக்கும் சாகாது.
நம்மட வயல்ல பூந்திட்டு.
கால் கழுவாம
அடுத்தவன்ட வரவையில இறங்காத."

நௌசாத் குழாயடிக்குப் போனான்.
வுளூ எடுப்பதுபோல
முழங்கைவரை, விரலிடுக்கெல்லாம், மூன்று தரம்.
நான் சுவரில் ஒட்டிய ஏழு படங்களிலும்
அவ்வளவு கழுவல் இல்லை.

அடுத்த நாள் ரவுண்ட்ஸ்.
பெரிய டொக்டர் அந்த அறையை விட்டு வந்து
பதின்மூன்றாம் கட்டில் பொடியனின்
வயிற்றுக் கட்டை நோக்கிக் கை நீட்டினார்.
"சேர், கை" என்றேன்.
ஃபேன் மட்டும் சுற்றியது.
பயிற்சித் தாதி ஒருத்தி நிலத்தைப் பார்த்தாள்.
அவர் போத்தலை இரண்டு தரம் அமுக்கினார்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டு நாளாய் எனக்கு முகம் தரவில்லை.
பொடியனுக்குக் காய்ச்சலும் இல்லை.
வராத காய்ச்சலை எழுத
என் பதிவேட்டில் ஒரு நிரல் கிடையாது.

இரவு வீட்டில்
இடியப்பத்தைச் சம்பலில் தொட்டால்
வெடித்த விரல்கள் எரியும்.
அவர் கரண்டி எடுத்துத் தருவார்.
வேண்டாம் என்பேன்.
சில நாள் வாங்கிக்கொள்வேன்.

காலை ஆறரை.
கடைசி அறைப் போத்தல்
நாலு விரல் இறங்கியிருக்கிறது.
ஒன்பதாம் கட்டிலில்
நிறைகுடம்.