நாற்பத்தைந்து

தார்த்து நகரத்துக் குளிர்காலம்
மூன்றரை மணிக்கே விளக்குப் போடவைக்கும்.
ஆய்வகத்தில் நல்ல கத்தரிக்கோல் ஒன்றுதான்.
அது என்னுடையது.
நூல் வெட்டக் கேட்டாலும் தரமாட்டேன்.

இரண்டாகப் பிரியப்போகும் செல்லைப் படமெடுத்து
குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி
உயரம் பார்த்து, இடுப்பு எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்து
ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டவேண்டும்.
மாதச் சம்பளத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவள் நான்.
பசை காய்ந்தால் விரல்நுனி உரியும்.

அந்த வாரம்
ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான ரத்தம் தேவைப்பட்டது.
வார்டு வரை நடக்கச் சோம்பல்.
சட்டைக் கையை நானே சுருட்டிக்கொண்டேன்.

எண்ணினேன். நாற்பத்தைந்து.
மறுபடி எண்ணினேன்.
மேசைக்கடியில் மண்டியிட்டுத் தேடினேன்.
செருப்படியில் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.
குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறினேன்.
இன்னொரு செல், இன்னொரு படம்.
பத்தாவதிலும் கணக்கு உதைத்தது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
பதினான்காம் எண்காரர் ஒருவரின் மேல்
இருபத்தொன்றாம் எண் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது,
சந்தைக் கூட்டத்தில்
அப்பன் தோளில் பிள்ளை மாதிரி.
தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.
விட்டகுறை தொட்டகுறை என்பார்களே,
இது ஒட்டியகுறை.
எதுவும் குறையாத குறை.

டாக்டர் மாரெட் லென்சில் நெடுநேரம் பார்த்தார்.
"உங்களுக்கு ஒன்றுமில்லை.
ஆனால் இயல்புக்கு வேறு ஆள் தேடுங்கள்."
பதிவேட்டில் என் பெயரை நானே அடித்தேன்,
அளவுகோல் வைத்து, ஒற்றைக் கோடாக.

எனக்கு ஒன்றுமில்லைதான்.
என்னிடத்தில் ஜோடியை விட்டுத் தோளேறியது
தம்பி ஹெய்னோவிடம் மூன்றாம் ஆளாக வந்து சேர்ந்திருக்கிறது.
ஒரே சீட்டுக்கட்டு, இரண்டு கலைப்பு.
அவனுக்கு இப்போது இருபத்தொன்பது.
ரொட்டிக் கடை வரிசையில்
முன்பின் தெரியாதவர்களின் கையுறையைத் தொட்டு
குளிருக்குக் காணுமா என்று பார்ப்பான்.
திட்டுகிறவர்கள் உண்டு.
கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு.

அம்மாவிடம் முப்பது வருஷமாக ஒரு பதில் இருந்தது:
ஊர் எரிந்த இரவில், அவன் வயிற்றில் இருக்க,
ஆற்றங்கரையில் நின்று தீயைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

ஞாயிறன்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.
தீ இல்லை அம்மா.
உங்கள் இருவரில் ஒருவர் தந்தது.
தந்தவருக்கே தெரிந்திருக்காது,
நாற்பத்தைந்தோடு மரம் அறுத்திருப்பார், கல்யாணத்தில் ஆடியிருப்பார்.
உன் ரத்தம் ஐந்து மில்லி போதும்.
உன்னிடம் நாற்பத்தாறும் இருந்தால், அப்பா.

கத்தியைக் கீழே வைத்தாள்.

அப்பாவை லாரியில் ஏற்றியபோது
ஹெய்னோவுக்கு ஒன்பது வாரம்.
சோதனை போட வருவார்கள் என்று பயந்து
அவர் படங்களை அவளே அடுப்பில் போட்டாள்,
கல்யாணப் படம் உட்பட.
கடிதம் ஒன்றும் வந்ததில்லை.
எந்த மண்ணில் என்றும் தெரியாது.

"ஊசி வேண்டாம்" என்றாள்.
"வில்லெம் கொடுத்ததாகவே இருக்கட்டும்.
அந்த மனுஷன் விட்டுப்போனது என்று
இந்த வீட்டில் வேறென்ன இருக்கிறது?"

கொஞ்ச நேரம் கழித்து:
"அதற்குப் படம் இருக்கிறது என்றாயே."

மறுநாள் இன்னொரு பிரதி போட்டு
அந்த ஒன்றை மட்டும் வெட்டினேன்.
நகக்கண் அளவுகூட இல்லை.
கை நடுங்கியதில் ஓரம் கோணிவிட்டது,
இத்தனை வருஷத்தில் முதல்முறை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
ஜன்னலுக்கு நகர்ந்தாள்.
ஒருவேளை உன்னுடையதாகவும் இருக்கலாம் என்று
சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தோள்" என்றாள்,
"தோள் அவர் தோளேதான்."