ஏழாவது அலைனர்

இன்று காலை ஏழாவதை மாட்டினேன்.
மேல்வரிசை முழுக்க விண்விண் என்கிறது.
நாற்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா?
கே.கே. நகர் டாக்டர் கேட்கவில்லை,
கொழுந்தன் கேட்டார்.

கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலை எனக்கு.
"சீனிச்சாமி, சீனிச்சாமி, சீனிச்சாமி!"
சகரமெல்லாம் எச்சிலில் வழுக்கி விழ
வராந்தாவில் ஒரு தலை திரும்பவில்லை.
கடைசியில் தூணோரம் ஒருவர் எழுந்து,
"சீனிச்சாமியவா தாயி?" என்றார்.
முன்பல் இரண்டும் இல்லை அவருக்கு.
அவர் சொன்ன சாமியும் நான் சொன்னதும்
ஒரே சாமி.

வாசலில் பருத்திப்பால் வண்டி,
சுக்கு வாசனை.
ஒரு டம்ளருக்காகக்
கழற்றி, டப்பாவில் போட்டு,
குடித்து, கொப்பளித்து,
குழாயடியில் கழுவி, திரும்ப மாட்டி...
வேண்டாம்,
பஸ்ஸைப் பிடித்தேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு வரப்புக்கல்.
அதை ஒரு முழம் தள்ளி நடத்தான்
பத்தொன்பது வருடமாய் அவர் நடக்கிறார்.
இன்றும் வாய்தாதான்.

ராத்திரி பல்தேய்க்கும்போது
நாக்கு தானாய்ப் போய்த் தடவிப் பார்க்கிறது.
தெத்துப்பல்
அரை நூல் உள்ளே போயிருக்கிறது,
சத்தியமாய்.

அவருக்கு அடுத்த வாய்தா இருபத்தெட்டாம் தேதி.
எனக்கு அன்றைக்கு
ஒன்பதாவது.