ஐந்து மூச்சு

செவ்வாய்க்கிழமை காலையில்
பிறையிலிருந்து லோரி வரும்.
தவநேசன் இறக்குவான் நான்கு மூட்டை:
டயரை வேகவைத்து எண்ணெய் வடித்தபின்
அடியில் தங்கிய கரி.
"யாருக்கும் வேண்டாததை
கையெழுத்துப் போட்டு வாங்குற ஒரே ஆள்
நீங்கதான்க்கா" என்பான்.
போடுவேன்.
ரசீதில் என் பெயருக்கு முன்னால்
கட்டைவிரல் விழுந்துவிடும், கருப்பாக, கேட்காமலே.

நிபோங் திபாலில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு
ஜன்னல் ஒன்றுதான். அதுவும்
செம்பனைக் காட்டைப் பார்த்தது.
அமிலத்தில் அலசினால் துத்தநாகம் போகும்,
கந்தக வாடை போகாது.
காரம் சேர்த்துப் பிசைந்து உலைக்குள் வைத்தால்
எண்ணூறு டிகிரியில்
கரியைக் கரியே தின்னத் தொடங்கும்.
தின்ற இடமெல்லாம் துளை.
துளைக்குள் துளை, அதற்குள்ளும் ஒன்று,
ஊசி முனை அங்கே ஒரு மலை.
அப்புறம் கழுவுவோம். கழுவுவோம்.
லிட்மஸ் தாள் சும்மா இருக்கும்வரை
பதினோரு தடவை கழுவுவோம்.

வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள்.
இங்கே முழம் போடுவதே வெறுமைதான்.
ஒரு கிராம் கரியை விரித்துப் போட்டால்
பந்து விளையாட ஒரு திடல் தேறும்,
அதுவும் என் சுண்டுவிரல் நகத்தின் மேல்.

முதல் நாள் தராசு ஏறியது:
0.17 கிராம்.
என் மூச்சில் ஐந்தில் இருக்கும் அளவு.
அவ்வளவுதானா என்றான்
பக்கத்து மேசைக்காரன். அவ்வளவுதான்.
எங்களுக்கு அன்று மதியம்
நாசி கண்டாரில் கோழி கூடுதலாக ஒரு துண்டு.

உருளையில் வாங்கிய சுத்தமான வாயு அது.
கொதிகலன் புகையைக் காட்டியபோது
கதை வேறு.
நீராவி முந்திக்கொண்டது,
வேலைவிடும் நேரத்து ஃபெர்ரியில்
மோட்டார்சைக்கிள்கள் முண்டியடிப்பதுபோல.
நாங்கள் இடம் போட்டுவைத்த விருந்தாளி
துறைமுகத்திலேயே நின்றான்.
தராசு பொய் சொன்னது:
எடை ஏறியது, ஏறியதெல்லாம் தண்ணீர்.

அன்றிரவு ரொஸ்னானி பென்சில் எடுத்தாள்.
உலை தின்ற மின்சாரம்
எந்த நிலக்கரியில் எரிந்து வந்தது,
அந்தக் கடன் அடைய
இந்தப் பிடி கரி
எத்தனை முறை நிரம்பிக் காலியாக வேண்டும்?
எண்ணூறு.
"எண்ணூறாவது முறை வரைக்கும்
நாம்தான் புகை" என்றாள், மலாயில், சிரிக்காமல்.
நான் உலையின் கதவைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.

பிடித்ததை மறுபடி சூடாக்கினால்
விட்டுவிடும், முரண்டு பண்ணாது.
விட்டதை எங்கே வைப்பது?
வெள்ளைப் பலகையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.
கையெழுத்து என்னுடையதுபோல்தான் தெரிகிறது.
மூன்று மாதமாக யாரும் அழிக்கவில்லை,
கீழே பதிலும் எழுதவில்லை.

ஆனாலும் நீர் ஒட்டாத கரி ஒன்று
ஆறாவது கலவையில் கிடைத்தது.
ஈரப் புகையிலும் 0.04.
ஒரு மூச்சும் கொஞ்சமும்.
கட்டுரை அச்சேறிய வாரம்
தொழிற்சாலை மேலாளர் கூய் கடிதம் போட்டார்:
இனி மூட்டை பதினெட்டு ரிங்கிட்.

"குப்பைக்கும் மரியாதை வந்தாச்சுக்கா!"
தவநேசன் இந்தத் தடவை மூட்டையை
வீசவில்லை, வைத்தான்.
பட்ஜெட்டில் பணமில்லாததால்
நான்கில் இரண்டைத் திருப்பி ஏற்றினோம்,
இருவரும், ஒன்றும் பேசாமல்.

லோரி உறுமிக் கிளம்பியது.
அதன் புகை பின்வாசலில்
போக மனமில்லாததுபோல் கொஞ்ச நேரம் நின்றது.
என் மேலங்கிப் பையில் சின்னச் சீசா,
உள்ளே ஒரு கிராம், மூடி இறுக்கமாக.
திறக்கலாமா என்று
ஒரு கணம்,
பைத்தியக்காரத்தனம்தான்,
விரல் மூடிவரைக்கும் போனது.